பெரிய வெட்டு கேட்டவர்

"பசியாறியாச்சா மிஸ்ஸி?" என்று கேட்காமல் அந்த அக்கா என்னிடம் ஒருநாளும் பேச்சைத் தொடங்கியதில்லை. எங்கள் ஊரில் தாதிகளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள், அதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் அறுவை சிகிச்சை முடிந்து, மயக்கம் முழுதாகத் தெளியாமல், நாக்குக் குழறிக்கொண்டிருக்கும்போது, கட்டுப் போட்ட தன் கையைக்கூடப் பார்க்காமல் இதைக் கேட்ட ஒரே நோயாளி அவர்தான். அன்று காலையிலிருந்து எனக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரமில்லை. இன்னும் இல்லை என்றேன். "அப்ப இருங்க, சேர்ந்து சாப்பிடலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப் போனார்.

அது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. கிள்ளானில் ஒரு மருத்துவமனையில், பெண்களுக்கான எலும்பு வார்டில் எனக்கு வேலை. இடுப்பு முறிந்தவர்கள், முழங்கால் மாற்றியவர்கள், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்கள் என்று வருவதும் போவதுமாக இருக்கும் இடம். ஆளை எலும்பை வைத்து நினைவு வைத்துக்கொள்வது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம். ஜன்னலோரத்து இடுப்பு, கதவோரத்து முழங்கால் என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அந்த வழக்கப்படி இவர் வெறும் தோள்பட்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும். எப்படியோ வந்த இரண்டாம் நாளே எல்லோருக்கும் அக்கா ஆகிவிட்டார். தரை துடைக்கும் மலாய்க்காரப் பெண்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

குள்ளமான ஆள். வாயைத் திறந்தால் வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும். வாழ்நாளில் பாதியை ஷா ஆலமில் ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் கழித்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி வந்த குரல் என்று அவரே சொல்லிக்கொள்வார். எஸ்டேட்டுகளிலிருந்து வேலைக்கு வந்த பெண்களோடு ஹாஸ்டலில் தங்கி, தொழிற்சாலைப் பேருந்தில் கூட்டமாகப் போய், கேண்டீனில் கூட்டமாகச் சாப்பிட்டு வளர்ந்தவர். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். மற்றவர்களுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கவே நேரம் சரியாகப் போய்விட்டதாம். சிரிப்புக்குச் சொன்னாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

அந்த அக்காவைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும், எல்லாம் தெரிந்த மாதிரி. அவருக்குத் தனியாகச் சாப்பிடத் தெரியாது. பிடிக்காது என்று சொல்லவில்லை, தெரியாது என்றுதான் சொல்கிறேன். தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஆளில்லாமல் உட்கார்ந்தால், வழி தெரியாமல் நிற்கிறவர் மாதிரி இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

வார்டில் மதியச் சாப்பாடு தள்ளுவண்டியில் வரும். முதல் கட்டிலில் தொடங்கிக் கடைசிக் கட்டிலுக்கு வண்டி வருவதற்குள் முதல் ஆள் சாப்பிட்டே முடித்திருப்பார். அக்கா வந்ததும் அதை மாற்றினார். எல்லோருக்கும் தட்டு வந்து சேரும்வரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டார். யாராவது அவசரப்பட்டால் படுத்த இடத்திலிருந்தே மலாயில் ஒரு சத்தம் போடுவார். சாப்பாடு ஆறிப்போகிறது என்று வார்டுப் பொறுப்பிலிருந்த எங்கள் சிஸ்டரிடம் புகார் போனது. சிஸ்டர் வந்து பார்த்தபோது வார்டு முழுவதும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரையும் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

பக்கத்துக் கட்டிலில் இடுப்பு முறிந்த ஒரு சீன ஆன்டி இருந்தார். யாரோடும் பேசமாட்டார், பாதித் தட்டை அப்படியே திருப்பி அனுப்புவார். அவர் மகன் செராஸிலிருந்து வாரம் ஒருமுறை வந்து, நின்றபடியே பார்த்துவிட்டுப் போவார். அக்காவுக்கு இடது கை தூக்குத் துணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் மீனில் முள் எடுத்து, ஒவ்வொரு துண்டாக அந்த ஆன்டியின் தட்டில் வைப்பார். இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி மாக்கான் என்ற ஒரு மலாய்ச் சொல்தான். சாப்பிடு என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே இரண்டு பேரும் கோபித்துக்கொண்டார்கள், சமாதானமானார்கள், சிரித்தார்கள்.

அந்த முறை அவருக்கு உடைந்தது இடது தோள். தொழிற்சாலைப் பேருந்தின் படியில் கால் வழுக்கி விழுந்து, மேற்கை எலும்பின் தலை நாலைந்து துண்டாகியிருந்தது. அப்போதைய பெரிய டாக்டர் பழைய முறைப்படி தோளின் முன்பக்கத்திலிருந்து கையின் பாதிவரை நீளமாகத் திறந்து, தகடு வைத்துத் திருகாணி போட்டு மூடினார். காயத்தில் நீர் கோத்துக்கொண்டது. ஆறுவதற்கு நாளானது. இரண்டு வாரத்துக்கு மேல் வார்டில் இருந்தார்.

வேறு யாராவதாக இருந்தால் அழுது தீர்த்திருப்பார்கள். இவர் பண்டிகைக்கு வந்த மாதிரி இருந்தார். வெட்டுக் காயம் ஆற விரால் மீன் சூப் கொடுப்பது எங்கள் நாட்டில் எல்லா இனத்தாருக்கும் உள்ள பழக்கம். நீளமான வெட்டு என்று கேள்விப்பட்டதும் ரவாங்கிலிருந்து தம்பி மனைவி பிளாஸ்க்கில் சூப் கொண்டுவந்தார். தொழிற்சாலைத் தோழிகள் முறை வைத்துக்கொண்டு கொண்டுவந்தார்கள். எதிர்க் கட்டிலில் இருந்த மலாய்க்கார மக்சிக்கின் மகள், இவருக்கும் சேர்த்து ஒரு மங்கு நிறையக் கொண்டுவந்தாள். வந்தவர்கள் எல்லோரும் கட்டை விலக்கச் சொல்லிக் காயத்தைப் பார்க்க ஆசைப்பட்டார்கள். பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்கள். உட்கார்ந்தார்கள். அக்கா சூப்பை வார்டு முழுவதற்கும் ஊற்றிக் கொடுத்தார். இடுப்பு உடைந்தவர்களெல்லாம் தேவையே இல்லாமல் விரால் மீன் சூப் குடித்தார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று அவர் முகம் வாடிப்போனது. நான் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, "நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்" என்பதை நல்ல செய்தியாகவே சொல்லிப் பழகியவள் நான்.

ஒரு வருடம் கழித்துத் தகட்டை எடுக்க வந்தபோது புதுத் துணியெல்லாம் உடுத்திக்கொண்டு வந்தார். அடுத்த வருடம் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். அக்கா கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடியில் நாலாம் மாடியில் ஒரு வீட்டில் தங்கினார். அதன் பிறகுதான் அவர் வார்டுக்கு வரத் தொடங்கினார், நோயாளியாக அல்ல, பார்வையாளராக.

பார்வை நேரம் தொடங்கும்போது ஒரு பிஸ்கட் டின்னோடு வந்து நிற்பார். யாருக்கு ஆள் வரவில்லையோ அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பசியாறியாச்சா என்பார். பிறகு அந்த ஆளின் தட்டில் ஒரு பிஸ்கட், தன் கையில் ஒரு பிஸ்கட். நல்ல மனசுக்காரி என்று சிஸ்டர் சொன்னார், கோயிலிலிருந்து அனுப்புகிறார்களா என்று டாக்டர்கள் கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் வேறு மாதிரி பட்டது. புண்ணியத்துக்குச் செய்கிறவர்கள் முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். இவர் முகத்தில் இருந்தது பசி.

ஒருநாள் விடுமுறையில் நானும் என் வீட்டுக்காரரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போயிருந்தோம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், சுவரோரமாக இருந்த நீள மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள், பேச்சும் சிரிப்பும். சொந்தக்காரர்கள் போலிருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். "எங்க மிஸ்ஸி" என்று எல்லோருக்கும் என்னை அறிமுகப்படுத்தினார். அவர்கள் யாரென்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. பக்கத்து ஆபீஸ்களில் வேலை செய்கிறவர்களாம், இடமில்லாமல் வந்து உட்கார்ந்தார்களாம். கிள்ளானில் இல்லாத சாப்பாடா, இதற்காகக் கொமியூட்டர் ரயில் பிடித்து இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று கேட்டேன். அங்கே இருக்கிற கடைகளில் எல்லாம் சின்னச் சின்ன மேசை என்றார். என் வீட்டுக்காரருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு மருத்துவமனையில் பாஸ் முறை வந்தது. யாரைப் பார்க்க வருகிறீர்கள், எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அக்கா கீழே காவலாளியிடம் எங்கள் வார்டின் பெயரையும் ஒரு கட்டில் எண்ணையும் சொல்லியிருக்கிறார். அவன் மேலே போன் போட்டான். நான்தான் எடுத்தேன். அந்தக் கட்டில் அன்று காலி. தான் முன்பு படுத்திருந்த கட்டிலின் எண்ணையே சொல்லியிருந்தார். காவலாளி என்ன சொல்லி அனுப்பினான் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

மறுபடி அவரை நான் பார்த்தது, தள்ளுகட்டிலில் வார்டுக்குள் வந்தபோது. பாசாரில் மீன் கடைகளுக்கு முன்னால் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து, இந்த முறை வலது தோள். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "மிஸ்ஸி, வந்துட்டேன்" என்றார். பொங்கலுக்குத் தாய்வீடு வந்த பெண் சொல்வது மாதிரி இருந்தது.

இப்போது டாக்டர் வேறு. பிரிக்பீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நல்ல கை, நல்ல மனசு, கொஞ்சம் தடுமாறும் தமிழ். தோளைப் பெரிதாகத் திறக்காமலே சரிசெய்வது அவர் கொண்டுவந்த முறை. மேலே ஒரு சின்ன வெட்டு, கீழே ஒரு சின்ன வெட்டு. தகட்டை மேல் வெட்டு வழியாக உள்ளே விட்டு, சதைக்கு அடியில் எலும்பை ஒட்டியே நகர்த்திக் கொண்டுபோய், எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே திருகாணி போடுவார். இரண்டு வெட்டுக்கும் நடுவே கையைத் தூக்கவைக்கும் நரம்பு குறுக்காக ஓடுகிறது. அதைத் தொடக் கூடாது என்பதற்காகத் தொடங்குவதற்கு முன்பே தோலின் மேல் ஊதா மையில் ஒரு கோடு போட்டுக்கொள்வார். அந்தச் சின்ன வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது அவருக்குப் பிள்ளை பிறந்த சந்தோஷம் இருக்கும்.

அக்காவிடமும் கைப்பேசியில் படம் காட்டி எல்லாம் சொன்னார். ரத்தம் அதிகம் போகாது, சதை கெடாது, கை சீக்கிரம் அசையும். அக்கா கவனமாகக் கேட்டார். கடைசியில் எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அக்கா கைப்பேசியை மெல்ல அவர் பக்கம் தள்ளினார். பிறகு, "டாக்டர், பழைய மாதிரியே பெரிய வெட்டா போட்டுருங்களேன்" என்றார்.

டாக்டர் அவர் பயப்படுவதாக நினைத்தார். பாவம், வேறு என்ன நினைப்பார்? கண்ணால் பார்க்காமல் எப்படிச் செய்வார்களோ என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. எனவே இன்னும் பொறுமையாக, இன்னும் நிறையப் படங்களோடு முதலிலிருந்து சொன்னார். அக்கா மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டிவிட்டார்.

டாக்டர் போன பிறகு தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் நான் பக்கத்தில் போனேன். ஏன்கா அப்படிக் கேட்டீங்க என்றேன்.

"வெட்டு பெருசா இருந்தாதான் லா மிஸ்ஸி ஆளுங்க வருவாங்க" என்றார். "ரெண்டு ஓட்டைக்கு யாரு சூப்பு கொண்டாருவா? நானோ ஒண்டிக்கட்டை. போன தடவ ரெண்டு வாரம் மனுசங்களோட சாப்பிட்டேன். இப்ப மறுநாளே தொரத்திருவாங்க."

சாதாரணமாக, வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் சொன்னார். நல்லபடியா நடக்கும் அக்கா என்று ஏதோ உளறிவிட்டு நகர்ந்தேன்.

அறுவை சிகிச்சை மிக நன்றாக நடந்தது. வார்டுக்குத் திரும்பியதும் நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று பார்க்க வேண்டும். தோளின் வெளிப்பக்கத்தில் மெல்லத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்போம். "தெரியுது மிஸ்ஸி, நல்லாத் தெரியுது" என்றார். கையை எடுத்துவிட்டேன். சரியாகத் தெரியவில்லை, இன்னொரு தடவை தொட்டுப் பாருங்கள் என்றார். தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டார்.

தம்பி வீட்டுக்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். தம்பி மனைவி நல்ல மாதிரிதான். நலம் விசாரித்தார், எப்போது டிஸ்சார்ஜ் என்று கேட்டார். நாளைக்கு என்றதும் அவர் குரலில் ஒரு நிம்மதி வந்தது. அப்படியானால் சின்ன ஆப்பரேஷன்தான், பயப்பட ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போய் நன்றாக ரெஸ்ட் எடுங்கள், பள்ளி விடுமுறையில் எல்லோரும் வந்து பார்க்கிறோம் என்றார். போனை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா தன் தோளைப் பார்த்தார். சின்னதாக இரண்டு பிளாஸ்திரி. பிள்ளைகள் முழங்காலில் ஒட்டிக்கொண்டு விளையாடப் போகிற அளவுதான்.

மறுநாள் காலை நான் வலியின் அளவைக் கேட்டேன். பூஜ்யத்திலிருந்து பத்துவரை ஓர் எண் சொல்ல வேண்டும், அதைக் குறித்து டாக்டருக்குக் காட்ட வேண்டும். முன்பு அந்த நீள வெட்டோடு கிடந்தபோதுகூட ஒன்று, இரண்டுக்கு மேல் சொல்லாதவர் அவர். இப்போது என் முகத்தைப் பார்க்காமல் பத்து என்றார். பொய் என்று எனக்குத் தெரியும். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டில்காரியிடம் பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த நிமிடம் வரை. ஆனாலும் வலி என்பது நோயாளி சொல்வதுதான், தாதி நினைப்பதல்ல. பத்து என்றே எழுதினேன். எழுதியபோது எனக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. ஒருநாள் கூடக் கிடைத்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே.

டாக்டர் பதறிப்போனார். இவ்வளவு சின்ன வெட்டுக்கு இவ்வளவு வலியா? மறுபடி எக்ஸ்ரே எடுத்தார், நரம்பைச் சோதித்தார். எல்லாம் சரியாக இருந்தது. இன்றைக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று சொல்லி, வலிக்குக் கடுமையான ஊசி ஒன்றும் எழுதினார். அக்கா மறுக்க முடியுமா? போட்டுக்கொண்டார்.

அந்த ஊசியில் தூங்கியவர்தான். மதியப் பார்வை நேரம் வந்தது. வார்டு முழுவதும் ஆட்கள், பிளாஸ்க்குகள், பிள்ளைகளின் சத்தம். பக்கத்துக் கட்டில்காரியின் பேரப்பிள்ளைகள்கூட வந்துவிட்டுப் போனார்கள். அக்கா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுப்பிப் பார்த்தேன், கண் திறக்கவில்லை. மாலைப் பார்வை நேரமும் அப்படியே போனது. எனக்கு அன்று இரட்டை ஷிப்டு. அவர் விழித்தபோது கடைசி ஆளும் கிளம்பி, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூடிவைத்திருந்த தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்றேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூஜ்யம்னு எழுதிக்கிங்க மிஸ்ஸி" என்றார்.

மறுநாள் டிஸ்சார்ஜ். கூட்டிக்கொண்டு போக ஓர் ஆள் வர வேண்டும் என்பது விதி. ரவாங்கிலிருந்து தம்பி மகன் வருகிறான் என்று சொல்லிவிட்டு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அவன் வரமாட்டான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவனுக்குச் சொல்லவே இல்லை. என் ஷிப்டு முடிந்ததும், நான் அந்தப் பக்கம்தான் போகிறேன் என்று சொல்லி என் காரில் ஏற்றிக்கொண்டேன். என் வீடு அந்தப் பக்கம் இல்லை. வழியில் ஒரு கடையில் இரண்டு பொட்டலம் சோறு வாங்கினேன்.

நாலு மாடிக்கும் லிஃப்ட் இல்லை. ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். எல்லா வீடுகளிலும் இரும்புக் கிரில் பூட்டியிருந்தது. அவர் வீட்டுக்கு முன்னால் வந்ததும் உள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, யாரோ இருக்கிறார்கள் என்று. கதவைத் திறந்தால் வானொலி. பாசாருக்குப் போகும்போது ஓடவிட்டுப் போவாராம், திரும்பி வந்தால் வீடு அமைதியாக இருக்கக் கூடாது என்று. விழுந்த நாளிலிருந்து அது ஓயாமல் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அறிவிப்பாளர் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா அதை அணைக்கவில்லை. நானும் அணைக்கச் சொல்லவில்லை. பொட்டலங்களைப் பிரித்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இடது கையால் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, என்னைவிட மெதுவாகத் தன்னுடையதைச் சாப்பிட்டார். முடிந்துவிட்டால் நான் எழுந்துவிடுவேனே.

அவர் கை அருமையாக ஆறியது. சொன்ன பயிற்சியையெல்லாம் ஒழுங்காகச் செய்திருக்கிறார், செய்வதற்கு வேறு என்ன இருந்தது அவருக்கு? சில மாதங்களில் காதை உரசுகிற அளவுக்குக் கையை நேராகத் தூக்கினார். டாக்டர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். இனிமேல் கிளினிக்குக்கு வரத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார். தகடு எடுக்க எப்போது வர வேண்டும் என்று அக்கா கேட்டார். எடுக்கவே வேண்டாம், ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கலாம் என்றார் டாக்டர். அக்கா நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவர் நடைபாதையில் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரையாவது கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது எனக்கு.

பிறகு காப்பாரிலிருந்து ஓர் அம்மா அதே மாதிரி தோள் முறிவோடு வந்தார். கட்டிலைச் சுற்றிப் புருஷன், மூன்று பெண்கள், மருமகன், தங்கை. ஒருவர் காலை அமுக்க, ஒருவர் ஆரஞ்சு உரிக்க, பாஸ் இல்லாமல் ஒருவர் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்க, ஒரே அமர்க்களம். ஆனால் அந்த அம்மா சின்ன வெட்டுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. நன்றாகத் திறந்து, கண்ணால் பார்த்துச் செய்தால்தான் ஆச்சு என்று ஒரே பிடிவாதம். டாக்டர் படம் காட்டிக் காட்டிச் சோர்ந்துபோனார். அப்போது அவருக்கு அக்கா நினைவு வந்தது. அந்த ஆன்டியும் இப்படித்தான் பயந்தார், அவரே வந்து சொன்னால் இவர் கேட்பார் என்று என்னிடம் போன் போடச் சொன்னார். நான் அவரைத் திருத்தவில்லை. பார்வை நேரத்துக்கு அக்கா பெயரில் அவரே ஒரு பாஸும் சொல்லி வைத்தார்.

அக்கா வந்தார். இஸ்திரி போட்ட பஞ்சாபி சூட், தன் கையாலேயே வாரி முடிந்த தலை, மார்பில் ஒட்டிய பாஸ். அந்த அம்மாவிடம் பசியாறியாச்சா என்று கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் ஒன்றாக மேலே தூக்கிக் காட்டினார். பிறகு சட்டையை ஒதுக்கி இடது தோளின் நீளத் தழும்பைக் காட்டினார். அந்தப் பெண்கள் மூவரும் முகத்தைச் சுளித்தார்கள். வலது தோளில் இரண்டு சின்னக் கோடுகள்; தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று, அவர் என்ன சொல்லப் போகிறார் என்று ஆவலாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா அந்த அம்மாவை மட்டும் பார்க்கவில்லை. உரித்த ஆரஞ்சை, காலை அமுக்கிக்கொண்டிருந்த பெண்ணை, வாசலில் எட்டிப் பார்க்கிற ஆளை, எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தார்.

"சின்னதாவே போட்டுக்கம்மா" என்றார். "உனக்குத்தான் வீட்ல ஆளு இருக்கே. சீக்கிரமா வீட்டுக்குப் போயிரு."

அந்தக் குடும்பம் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே புருஷனைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா சொன்னதை அவர் மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்ப்பது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு பக்கத்தில் வந்து குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார். "அப்ப ஆன்டி, அன்னைக்கு நீங்க பெரிய கட் கேட்டது, ஆப்பரேஷனுக்குப் பயந்து இல்லையா?"

"பயந்துதான் டாக்டர் கேட்டேன்" என்றார் அக்கா. "வீட்டுக்குப் போறதுக்கு."